ஆய்வின் பயனும் ஆய்வாளர் கடமையும்

தமிழ்க்கல்வி பற்றிய பட்டமேற்படிப்பு ஆய்வேடுகள் பலவற்றின் முதல் இயலில் ‘ஆய்வின் பயன்’ என்றொரு பகுதி உண்டு. ‘இவ்வாய்வு ஆசிரியர்க்கும் மாணவர்க்கும் பெரிதும் பயன்படும்’ என்னும் தொடர் அதில் தவறாது இடம்பெறும். எவ்வாறு பயன்படும், எவர் வழியாகச் சென்று சேரும் என்னும் வினாக்களை ஆய்வாளர் எழுப்புவதில்லை. வாய்மொழித் தேர்வில் நாமும் எழுப்புவதில்லை. இக்குறையே இங்கு ஆராயப்படுகிறது.

முதற்கண் ஒரு முன்மாதிரியைச் சுட்டலாம். இராம. சுப்பையா தொகுத்த ‘தமிழ் மலேசியானா’ 1969இல் மலாயாப் பல்கலைக்கழக நூலகத்தின்வழி வெளிவந்தது. மலேசியா, சிங்கப்பூரில் வெளியான தமிழ் நூல்கள், இதழ்களின் பட்டியல் அது. புதிய கோட்பாடு எதனையும் அது முன்வைக்கவில்லை. ஆயினும், இந்நாட்டுத் தமிழ் இலக்கிய வரலாற்றை ஆராய்வோர் இன்றும் அதனை நாடுகின்றனர். பிறர் எடுத்தாளத்தக்க சான்றுகளை முறைப்படுத்தித் தந்ததே அதன் பயன்.

இதற்கு மாறான நிலையையும் காண்கிறோம். 1988இல் தொடங்கிய யு.பி.எஸ்.ஆர். தேர்வு 2021இல் நீக்கப்பட்டது. அத்தேர்வின் புள்ளிகளை உயர்த்துவதையே நோக்கமாகக் கொண்ட ஆய்வுகளின் பரிந்துரைகள் அன்றே காலாவதியாயின. மாணவர்தம் கட்டுரைகளில் காணப்பட்ட ஒற்றுப்பிழை, வேற்றுமையுருபு மயக்கம் ஆகியவற்றை மூலச்சான்றுடன் பதிவு செய்த ஆய்வுகளோ இன்றும் பயன்படக்கூடியவை. தேர்வு மறைந்தாலும் பிழைகள் மறையவில்லை அல்லவா?

எல்லா ஆய்வும் உடனடிப் பயன் தரவேண்டும் என்பது நம் கருத்தன்று. சங்கப் பாடல் ஒன்றின் பாடவேறுபாட்டை ஆராய்பவரிடம் வகுப்பறைப் பயனைக் கேட்பது முறையாகாது. ஆனால், பயன் உண்டென எழுத்தில் உறுதி கூறியவர் அதற்கு வழி காட்டக் கடமைப்பட்டவர்.

இக்கடமையில் நாமும் தவறியுள்ளோம். அயல்நாட்டில் நாம் அளித்த முனைவர் பட்ட ஆய்வேடு அங்குள்ள நூலக அடுக்கில் உள்ளது. அதற்குத் தரவு தந்த தமிழ்ப்பள்ளி ஆசிரியர்கள், முடிவு என்னவாயிற்று என்று பின்னர் வினவியபோது, அவர்களிடம் கொடுக்க நம் கையில் ஒரு பக்கமும் இருக்கவில்லை. அவர்கள் ஒதுக்கித் தந்த பாடவேளைகளுக்கு நாம் ஈடு செய்யவில்லை.

பணியாற்றிக்கொண்டே படிக்கும் மாணவர்க்குப் புதுச்சுமை ஏற்றுவதும் தகாது. ஆகவே, இரண்டினை மட்டும் பரிந்துரைக்கிறோம். ஒன்று, ஆய்வு முடிவுகளை எளிய தமிழில் நான்கு பக்கங்களில் சுருக்கித் தரவளித்த பள்ளிகளுக்கு அளித்தல். மற்றொன்று, உரிய இசைவு பெற்று, மாணவர் பெயர் நீக்கிய மூலத்தரவுகளைத் துறை நூலகத்தில் சேர்த்தல். இவற்றை ஆய்வுத் திட்டம் ஏற்கப்படும் நாளிலேயே மேற்பார்வையாளர் வலியுறுத்த வேண்டும். அதன்பின்னரே ‘பெரிதும் பயன்படும்’ என்னும் தொடருக்கு நாம் ஒப்பமிடுதல் தகும்.