மஸ்ஜித் ஜாமெக்கின் சிவப்பும் வெள்ளையும்

ஸ்பெயின் நாட்டின் கோர்தோபா பள்ளிவாசலைப் பார்க்க வேண்டும் என்ற கனவை எனக்குள் விதைத்தது கோலாலம்பூர் மஸ்ஜித் ஜாமெக். கிள்ளான் ஆறும் கோம்பாக் ஆறும் சேரும் முனையில், தென்னைகளுக்கு நடுவே 1909இல் திறக்கப்பட்ட கட்டடம். வரைந்தவர் ஆர்தர் பெனிசன் ஹப்பாக். செங்கல் ஒரு வரி, வெள்ளைப் பூச்சு ஒரு வரி என்று ஏறிப்போகும் அதன் மினாராக்களை நிதானமாகப் பாருங்கள். கோர்தோபாவின் வளைவுகளில் செங்கல்லும் வெண்கல்லும் மாறி மாறி வருமே, அதே தாளம். குவிமாடங்கள் மூன்றுதான், உயரமும் மட்டுதான். ஆற்றங்கரைக்கு அந்த அளவுதான் பொருத்தம். ஹப்பாக்கின் கட்டடங்களில் எனக்கு இதுவே முதலிடம்.

பாலத்தைத் தாண்டினால் சுல்தான் அப்துல் சமாட் கட்டடம், 1897. ஏ.சி. நார்மன் முதலில் ஐரோப்பிய பாணியில்தான் வரைந்தார். இலங்கையில் பொதுப்பணி பார்த்துவிட்டு வந்த பொறியாளர் ஸ்பூனர் அதை ஏற்கவில்லை. இஸ்லாமிய பாணியே வேண்டும் என்றார். கட்டடக் கலைஞர் பிட்வெல் அதற்கு உருவம் கொடுத்தார். எல்லாரும் மணிக்கூண்டைப் படமெடுப்பார்கள். நான் தாழ்வாரத்துக்குப் போய்விடுவேன். வளைவுகளுக்குப் பின்னால் அது அகலமாக ஓடுவதால் மத்தியான வெயிலும் சாயங்கால மழையும் உள்சுவரை எட்டுவதில்லை. நம் கடைவீதி அஞ்சடி நடைபாதைக்கும் அதே வேலைதான். வெளியூர் அழகு மலாயா மழைக்குப் பழகிய இடம் அது.

செங்கல்லுக்கும் இங்கே ஒரு கதை உண்டு. 1881இல் தீயும் வெள்ளமும் அத்தாப்பு வீடுகளை வாரிக்கொண்டு போன பிறகு, நகரைச் செங்கல்லில் எழுப்பச் சொன்னார் பிரிட்டிஷ் ரெசிடென்ட் ஸ்வெட்டன்ஹாம். சூளைகள் எரிந்த இடம் பிரிக்பீல்ட்ஸ். பிறகு அங்கே ரயில்வே குடியிருப்புகள் வந்தன, தமிழர்கள் நிறைந்தார்கள்.

கிள்ளானிலிருந்து கொம்யூட்டர் ரயிலில் வந்தால், சென்ட்ரலுக்கு அடுத்தது பழைய கோலாலம்பூர் நிலையம். 1910, இதுவும் ஹப்பாக்தான். நடைமேடையோர வளைவுகளில் வெளிச்சம் விழும் விதம் பேரழகு. முகப்பில் மட்டும் சத்ரி எனப்படும் சிறு மண்டபங்களை நெருக்கிவிட்டார். கண்ணுக்கு ஓய்வு கிடைப்பதில்லை. ஆக்ரா போனால் நான் முதலில் பார்க்கப்போவது தாஜ் மகாலின் பெரிய குவிமாடத்தைச் சுற்றி நிற்கும் நான்கு சத்ரிகளை. ஷாஜகானின் கட்டடக்காரர்கள் அவற்றுக்கு நடுவே எவ்வளவு வானத்தை விட்டுவைத்தார்கள் என்று நேரில் நின்று பார்க்க வேண்டும்.