வலி போனது, நொண்டல் போகவில்லை

‘காலையில் ஆபரேஷன், மாலையில் நடை’ என்று இடுப்பு மூட்டு மாற்று சிகிச்சைக்கு இப்போது விளம்பரம் செய்கிறார்கள். வீடியோவில் ஒரு பெரியவர் வாக்கரைப் பிடித்தபடி பத்தடி வைக்கிறார். சுற்றி நிற்பவர்கள் கைதட்டுகிறார்கள். கேமரா முன்னாலிருந்து, பெரும்பாலும் மார்புக்கு மேலே. இடுப்பு ஆபரேஷனில் இடுப்பைத் தவிர மற்றதெல்லாம் தெரிகிறது.

சிகிச்சையைக் குறை சொல்ல வழியில்லை. இங்கிலாந்தில் ஜான் சார்ன்லி 1960களில் நிலைநிறுத்திய இந்த மூட்டு, படுக்கையோடு முடங்கியிருக்க வேண்டிய எத்தனையோ பேரை எழுப்பிவிட்டது. அன்றைக்கே எழுந்து நிற்க வைப்பதும் நல்லதுதான். காலில் ரத்தம் உறையும் ஆபத்து குறைகிறது, நோயாளிக்கும் தைரியம் வருகிறது.

ஆனால் அந்தப் பத்தடி எதற்குச் சாட்சி? மயக்க மருந்தும் வலி மருந்தும் ஒழுங்காக வேலை செய்ததற்கு. நடை திரும்பியதா என்பது சில மாதம் கழித்துத்தான் தெரியும். அப்போது கேமராவும் இல்லை, கைதட்டலும் இல்லை.

‘முழங்காலுக்குத்தான் பிசியோதெரபி, இடுப்புக்கு நடையே பயிற்சி’ என்று சொல்லும் டாக்டர்கள் உண்டு. வீட்டில் தானே பயிற்சி செய்பவருக்கும் பிசியோதெரபிஸ்ட் உடனிருந்து செய்பவருக்கும் சராசரியில் பெரிய வித்தியாசமில்லை என்று காட்டும் ஆய்வுகளை ஆதாரமாக நீட்டுவார்கள். அந்த ஆய்வுகளில் இரண்டு தரப்பும் பயிற்சி செய்தது என்பதை மட்டும் சொல்ல மாட்டார்கள். ‘வீட்டிலேயே செய்யலாம்’ என்பதை ‘ஒன்றும் செய்ய வேண்டாம்’ என்று படித்துக்கொள்வது வசதியான வாசிப்பு.

ஒரு காலைத் தூக்கும்போது இடுப்பெலும்பு அந்தப் பக்கம் சரியாமல் பிடித்து நிறுத்துவது, ஊன்றிய காலின் பக்கத்திலுள்ள பிட்டத் தசை. ஆபரேஷனுக்கு வருபவருக்கு அது ஏற்கெனவே இளைத்திருக்கும். பல ஆண்டு வலிக்குப் பயந்து உடம்பை வலித்த பக்கமே சாய்த்து நடந்திருப்பார். பக்கவாட்டு வழியாக மூட்டை அணுகும் முறையில் சர்ஜன் அந்தத் தசையின் ஒரு பகுதியையே பிரித்துத் தைக்கிறார். மூட்டு புதிது, தசை பழசு, நடையும் பழசு. இவரை ‘நன்றாக நடங்கள்’ என்று அனுப்பினால் அவர் பயில்வது நடையை அல்ல, நொண்டலை. கைத்தடியை ஆபரேஷன் ஆன காலுக்கு எதிர்ப்புறக் கையில் பிடித்தால்தான் தசையின் சுமை குறையும் என்றுகூடப் பலருக்கு யாரும் சொல்வதில்லை. வலித்த பக்கமே ஊன்றிக்கொண்டு போகிறார்கள்.

இது ஏன் யார் கண்ணிலும் படுவதில்லை? அளவுகோலே அப்படி. 1969இல் வந்த ஹாரிஸ் மதிப்பெண் முறை இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. மொத்தம் 100, வலி இல்லாவிட்டால் 44. நொண்டாமல் நடந்தால் 11, ஓரளவு நொண்டினால் 5. அதாவது, மற்றதெல்லாம் சரியாக இருக்கும் ஒருவர், தெரு முழுக்கப் பார்க்கும்படி சாய்ந்து சாய்ந்து நடந்தாலும் 94 வாங்குவார். 90க்கு மேல் ‘மிகச் சிறப்பு’. டாக்டருக்கும் திருப்தி, மருத்துவமனைக்கும் திருப்தி. வலி போன நிம்மதியில் நோயாளியும் வாய் திறப்பதில்லை. ‘வயசானா அப்படித்தான்’ என்று வீட்டார் முடித்துவிடுகிறார்கள். தொடை எலும்பின் தலைப்பகுதிக்கு ரத்த ஓட்டம் நின்று முப்பது, நாற்பது வயதில் மூட்டு மாற்றிக்கொள்பவர்கள் இங்கே ஏராளம். அவர்களிடம் எந்த வயசைச் சொல்வது?

பயிற்சி நடக்காததற்குப் பணம் ஒரு காரணம் என்பது உண்மை. ஆபரேஷன் கட்டணத்துக்குள் எல்லாம் அடக்கம் என்கிறார்கள். வீட்டுக்கு வரும் பிசியோதெரபிஸ்ட் அதில் அடக்கமில்லை. ஆனால் 2021 முதல் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டுக்கே வந்து இயன்முறை சிகிச்சை தரும் ஏற்பாடு தமிழ்நாட்டில் இருக்கிறது. ஆள் வாசலுக்கு வந்தாலும் அவர் கையில் கொடுக்க டிஸ்சார்ஜ் சம்மரியில் என்ன எழுதியிருக்கிறது? மூட்டின் கம்பெனி, அளவு, மாத்திரைகளின் பெயர், கடைசியில் ‘நடைப்பயிற்சி’ என்று ஒற்றைச் சொல். எந்தப் பக்கமாகத் திறந்தார்கள், எந்தத் தசையைப் பிரித்தார்கள், எத்தனை வாரம் கழித்துக் காலைப் பக்கவாட்டில் தூக்கலாம் என்று மூன்று வரி சேர்க்க எந்தக் கருவியும் வேண்டாம். மூன்றாம் மாதம் அழைத்து, சட்டையை இடுப்புக்கு மேல் தூக்கிப் பிடிக்கச் சொல்லி, ஆபரேஷன் ஆன காலில் மட்டும் அரை நிமிடம் நிற்கவைத்து, பின்னாலிருந்து பார்ப்பதற்கும் வேண்டாம்.