ரத்தம் யாருடையது, நீதி யாருடையது?

தேவதைக் கதைகளைத் திகில் காமிக்ஸாக 'மறுஉருவாக்கம்' செய்துவிட்டதாக விளம்பரம் பண்ணுகிறார்கள். ஏதோ அந்தப் பிரதிகளில் இதுக்கு முன்னாடி ரத்தமே இல்லாத மாதிரி. கிரிம் சகோதரர்களின் 1812ஆம் ஆண்டுத் தொகுப்பில் ஹான்சலையும் கிரெட்டலையும் காட்டில் விட்டு வரச் சொல்பவள் பெற்ற தாய். ஸ்நோ ஒயிட்டைக் கொல்லச் சொல்பவளும் பெற்றவளே. பிந்தைய பதிப்புகளில் இருவரும் மாற்றாந்தாய்களாகிறார்கள். 'துணி ஏன் இறுகுது?' என்று கேட்கும் ராபன்ஸலின் கர்ப்பமும் காணாமல் போகிறது. ஆனால் பழுக்கக் காய்ச்சிய இரும்புச் செருப்போடு ராணி ஆடிச் சாவது 1857இன் கடைசிப் பதிப்பிலும் பத்திரமாக இருக்கிறது. ஆக, கத்தரி தேடியது ரத்தத்தை மட்டுமல்ல. தாய்மையின் புனிதம் காப்பாற்றப்பட்டது, இச்சை மறைக்கப்பட்டது, 'கெட்டவள்' உடல்மீதான தண்டனை மட்டும் தக்கவைக்கப்பட்டது.

அமெரிக்காவின் ஜெனஸ்கோப் நிறுவனம் 2005இல் தொடங்கிய 'கிரிம் ஃபேரி டேல்ஸ்' வரிசையை இங்கே வைத்து வாசிக்கணும். சேலா மாதர்ஸ் என்ற பேராசிரியை, சிக்கலில் நிற்பவர்களிடம் ஒரு கதைப் புத்தகத்தைக் கொண்டுவருகிறாள். கதை கொடூரமாய் விரிகிறது, பாடம் கிடைக்கிறது. 1697இல் பெரோ செஞ்சதும் இதுதானே? சிவப்புத் தொப்பிக்காரியை ஓநாய்க்குத் தின்னக் கொடுத்துவிட்டு இளம்பெண்களுக்கு நீதி சொன்னார். போதாததற்கு இங்கே அட்டைப்படப் பெண்ணுடல் ஓநாயின் பார்வையிலேயே வரையப்படுகிறது. கலகம் மாதிரித் தெரிவது பழைய ஒழுக்கச் சொல்லாடலின் வண்ண அச்சு, அவ்வளவுதான்.

நீல் கெய்மனின் 1994ஆம் ஆண்டுக் கதையைக் காலீன் டோரன் 2019இல் காமிக்ஸாக்கிய 'ஸ்நோ, கிளாஸ், ஆப்பிள்ஸ்' கொஞ்சம் தள்ளி நிற்கிறது. மாற்றாந்தாய் பேசுகிறாள், ஸ்நோ ஒயிட் ரத்தம் குடிப்பவள். கதைசொல்லியை மாற்றியது முக்கியமான குறுக்கீடு. ஆனாலும் அரக்கியின் நாற்காலி காலியாகவில்லை. அதில் இப்போது சிறுமியை உட்கார வைத்தாச்சு.

கனடாக்காரரான எமிலி கரோல் 2014இல் 'த்ரூ தி வுட்ஸ்' தொகுப்பில் அந்த நாற்காலியையே அசைக்கிறார். அப்பா சொன்னார், கல்யாணம் நடந்தது. புகுந்த மாளிகையில் ராத்திரிதோறும் ஒரு பாட்டு. ஒளித்து வைக்கப்பட்ட முந்தைய மனைவியைத் துண்டு துண்டாகத் தேடியெடுத்துச் சேர்க்கிறாள் புதுப்பெண். சேர்ந்த உடல் அவளுக்கு நன்றி சொல்வதில்லை. இங்கே பயம் காட்டிலிருந்து வரவில்லை. அப்பனும் புருஷனும் பேசி முடித்த ஏற்பாட்டிலிருந்து வருகிறது. நீதி வாக்கியமும் கிடையாது.

பழங்கதையைத் திருப்பி எழுத உட்காருகிறவர்கள் ரத்தத்தைக் கூட்டுவதற்கு முன், இரும்புச் செருப்பை யார் காலில் மாட்டுகிறோம் என்று ஒருதரம் பார்த்துக்கொள்ளட்டும்.