சாதுவன் உரைத்த தீவறம்

மணிமேகலையின் 'ஆதிரை பிச்சையிட்ட காதை'யை எடுத்துரைப்போர் பெரும்பாலும் ஆதிரையின் கற்பு மாட்சியையே போற்றுவர். கணவன் கடலில் மாண்டான் எனக் கேட்டுத் தீயுட் புகுந்த அவளைத் தீயும் சுடவில்லை. அம்மாட்சி போற்றற்குரியதே. ஆயினும் அக்காதையின் மறுபாதி கடலுக்கு அப்பால், அயல் தீவொன்றில் நிகழ்கின்றது. காதையின் உயிர்நிலை அங்குள்ளது என்பது நம் துணிபு.

சாத்தனார் இருவரைத் தீவுகளிற் சேர்க்கின்றார். சாவக நாட்டின் பசி தீர்க்கச் சென்ற ஆபுத்திரன், காற்றின் கடுமையால் கலம் ஒருநாள் தங்கிய மணிபல்லவத்தில் இறங்கினான். அவன் ஏறிவிட்டான் என்றெண்ணிக் கலம் இரவில் அகன்றது. உண்பாரற்ற தீவில் அமுதசுரபியாற் பயன் யாது? அதனைக் கோமுகிப் பொய்கையில் விட்டு, உண்ணா நோன்பிருந்து உயிர் நீத்தான். சாதுவனோ கலம் உடைய, ஒடிந்த மரம் பற்றி நாகர் மலை சேர்ந்தான். கொன்று தின்ன வந்தோரிடம் அவர்தம் மொழியிற் பேசி உயிர் பிழைத்தான். முன்னவனுக்குத் தீவு தனிமை. பின்னவனுக்கு அதுவே அறக்களம்.

கள்ளும் ஊனும் விட்டால் உயிர் தாங்கோம். எமக்கு இயன்ற அறம் கூறுக என்கின்றான் நாகர் தலைவன். கலம் கவிழ்ந்து வருவோரைக் காக்க வேண்டும். முதிர்ந்து தாமே மடியும் விலங்கன்றி வேறெவ்வுயிர்க்கும் தீங்கு செய்யலாகாது என்கின்றான் சாதுவன். கேட்போன் வயிற்றையும் எண்ணி அறம் உரைத்த இவ்விடமே சாத்தனாரின் உயர்வு.

குறையும் ஒன்றுண்டு. முன்னர்க் கலம் கவிழ்ந்து இரையானோரின் பொருள்களைத் தலைவன் அளிக்க, சாதுவன் தயக்கமின்றிப் பெற்றுச் சந்திரதத்தன் கலமேறுகின்றான். அப்பொருளுக்குரியோரை நினைந்து ஒரு சொல்லேனும் அவன் கூறியிருக்கலாம்.

இவ்வறத்தின் அருமையை வரலாறு காட்டும். 1598-இல் டச்சுக் கலங்கள் மொரீசியசில் இறங்கின. பறக்கவியலாத, மனிதரை அஞ்சியறியாத டோடோ என்னும் பறவை அங்கு வாழ்ந்தது. மாலுமிகள் கொன்றனர், கலங்கள் கொணர்ந்த எலியும் பன்றியும் முட்டைகளை அழித்தன. நூறாண்டுக்குள் அவ்வினமே அற்றது. இந்தியக் கடற்படைப் பெண்டிர் அறுவர் 'தாரிணி' என்னும் பாய்க்கலத்தில் உலகைச் சுற்றி வருகையில், 2018-இல் பழுது நீக்க அத்தீவை அடைந்தனர். டோடோவைக் காணும் பேறு அவர்க்கில்லை.

தேவிகுளத்து மலைவாழ் நமக்கும் இது தொலைவான செய்தியன்று. 1978-இல் தேசியப் பூங்காவான இரவிகுளத்துப் புல்வெளி, வரையாட்டுக்கு ஒரு தீவே. அங்குக் காவற்பணியில் முதுவர் நெடுங்காலமாகத் துணைநின்றுள்ளனர். காட்டை அறிந்தவரை விலக்காது, அவர் வாழ்வுக்கும் இடந்தந்து உயிர்களைக் காக்கும் நெறியே நிலைக்கும். அந்நெறிக்கு வித்து, கரையொதுங்கிய ஒரு தமிழ் வணிகன் வாய்ச்சொல்லில் உள்ளது. கற்பின் காதையாகப் போற்றுவோர் இனி இதனைக் கடலறத்தின் காதையாகவும் பயில்வாராக.