இரும்புக்கை மாயாவி: நல்லவன் ஆவதற்கு முன்

இரும்புக்கை மாயாவி பற்றி யார் எழுதினாலும் அது கடைசியில் சின்ன வயசு ஞாபகமாகத்தான் போய் முடிகிறது. பழைய புத்தகக் கடை, அண்ணனுக்குத் தெரியாமல் எடுத்துப் படித்தது, கணக்குப் புத்தகத்துக்குள் ஒளித்து வைத்தது. எனக்கும் அதெல்லாம் உண்டு. அதனாலேயே விட்டுவிடுகிறேன். கதையைப் பற்றிப் பேசத்தான் ஆள் குறைவு.

1972-ல் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் கிளம்பியபோது முதல் இதழே இதுதான். மூலம் இங்கிலாந்தின் 'வேலியண்ட்' என்ற வார இதழ். அது 1962 அக்டோபரில் ஆரம்பித்தபோதே கூடவே ஆரம்பித்த தொடர் 'தி ஸ்டீல் க்ளா'. முதலில் எழுதியவர் கென் பல்மர், பிறகு டாம் டல்லி. படம் போட்டவர் ஸ்பெயின்காரரான ஹெசூஸ் பிளாஸ்கோ. லூயிஸ் கிராண்டல் ஓர் ஆய்வகத்தில் உதவியாளன். ஒரு விபத்தில் கை போய், இரும்புக்கை பொருத்திக்கொண்டு அதே வேலைக்குத் திரும்புகிறான். இன்னொரு விபத்தில் உயர் அழுத்த மின்சாரம் உடம்பில் பாய்கிறது. உடல் மறைகிறது. இரும்புக்கை மட்டும் அந்தரத்தில் நிற்கிறது.

இது விஞ்ஞானக் கதையா, பேய்க் கதையா? விஞ்ஞானம் என்றுதான் கதை சொல்லிக்கொள்கிறது. கரண்ட் பாய்ந்தால் மறைவான், அதன் வேகம் தீர்ந்தால் தெரிவான், மறுபடி மறைய மறுபடி ஷாக் வேண்டும். சரி. ஆனால் போட்டிருக்கிற கோட்டும் சூட்டும் ஏன் சேர்ந்து மறைகின்றன? துணி மறையுமானால் இரும்பு மட்டும் ஏன் மறையவில்லை? எச்.ஜி.வெல்ஸ் 1897-ல் எழுதிய மறைந்த மனிதன் துணியைக் கழற்றிவிட்டுக் குளிரில் நடுங்கித் திரிவான். வெல்ஸ் விதி வகுத்தால் அதற்குக் கட்டுப்படுவார். இங்கே அந்தக் கவலையே இல்லை. தனியாக மிதந்து வந்து கழுத்தைப் பிடிக்கும் கை என்பது பாட்டி சொல்லும் இருட்டுக் கதைகளின் சரக்கு. அதற்கு ஒரு பிளக் பாயிண்ட் மாட்டிக் கொடுத்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

தமிழில் பெயர் வைத்தவர்களுக்கு இது புரிந்திருக்க வேண்டும். ஆங்கிலப் பெயரில் வெறும் இரும்புதான் உண்டு, மாயம் கிடையாது. 'மாயாவி' நாம் சேர்த்தது. வடமொழிச் சொல்தான், ஆனால் தமிழ்க் காதில் மாயமும் ஆவியும் தனித்தனியாகவே விழும். (நான் வளர்ந்த கைலாசபுரம் பெல் தொழிற்சாலையின் குடியிருப்பு. பாதி வீட்டு அப்பாக்கள் அனல்மின் நிலையங்களுக்குப் பாய்லர் செய்தவர்கள். எங்களுக்கு ஆவி என்றால் முதலில் நீராவி!)

அந்தச் சொல்லுக்கு இன்னொரு பக்கமும் உண்டு. ராமாயணத்தில் மாயாவி ஓர் அசுரன். வாலியோடு மோதிவிட்டுக் குகைக்குள் ஓடி ஒளிபவன். மேகத்தில் மறைந்து நின்று அம்பு விடுபவன் இந்திரஜித். மறைந்து தாக்குவது பெரும்பாலும் எதிரணியின் வித்தை. ராமன் ஒரே ஒரு தடவை வாலி விஷயத்தில் அதைச் செய்துவிட்டு இன்றுவரை பட்டிமன்றத்தில் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறான். ஸ்ரீரங்கத்தில் தாயார் சன்னதிக்கு எதிரே இருக்கும் கம்பர் மண்டபத்தில்தான் அந்தக் காவியம் அரங்கேறியதாகச் சொல்வார்கள். அந்த ஊருக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு 'மாயாவி' என்ற பெயரில் ஒரு ஹீரோவைக் கொண்டாடியிருக்கிறோம். யாருக்கும் உறுத்தவே இல்லை!

முதல் கதைக்கு அந்தப் பெயர் கச்சிதம் என்பேன். ஏனென்றால் முதல் கதையில் கிராண்டல் நல்லவன் இல்லை. சக்தி கிடைத்ததும் அவன் செய்வது கொள்ளை. மாயாவி என்றாலே நீதிக்காகப் போராடியவர் என்று உருகும் நம் ரசிகர்கள் இதைச் சௌகரியமாக மறந்துவிடுகிறார்கள். அந்தக் கதையின் உயிரே அங்கேதான் இருக்கிறது. அவன் பணக்கார வாரிசு இல்லை, வேற்றுக்கிரகத்தான் இல்லை. வேலை செய்த இடத்தில் கையை இழந்த ஒரு உதவியாளன். ஆலைக் குடியிருப்பில் வளர்ந்தவர்களுக்குக் கை போவது கற்பனை சமாச்சாரம் இல்லை. மெஷினில் விரலை விட்டவர் ஒருவராவது எல்லாத் தெருவிலும் இருப்பார்.

இங்கே எனக்கு ஒரு சண்டையும் உண்டு. கை இழந்தவனை வில்லனாக்குவது அந்தக் காலக் கதைகளின் சோம்பேறித்தனம். ஊனம் இருந்தால் மனசும் கோணல் என்று பழகிப்போன கணக்கு. கிராண்டலின் கோபம் எங்கிருந்து வருகிறது என்று கதாசிரியர் நின்று கேட்பதில்லை. மின்சாரம் மூளையைக் கெடுத்துவிட்டது என்கிற மாதிரி தாண்டிப் போய்விடுகிறார். அந்தக் கேள்வியைக் கொஞ்சமாவது கேட்பது பிளாஸ்கோவின் தூரிகைதான். கறுப்பு மை அப்பிய தெருக்களில், சுருங்கிய கண்களோடு தனியாக நடக்கும் அந்த மனிதனைப் பார்த்தால் திருடன் என்று தோன்றாது. தூக்கம் வராதவன் என்றுதான் தோன்றும். அவன் மறைந்த பிறகு படத்தில் வரைய ஆளே இல்லை. அதனால் பயத்தை எதிரில் நிற்பவர்கள் முகத்தில் வரைகிறார். காவலாளியின் கண் எந்தத் திசையில் போகிறது என்பதை வைத்தே மாயாவி எங்கே நிற்கிறான் என்று நாம் கண்டுபிடிக்கிறோம்.

பிறகு அவன் திருந்துகிறான், நிழல்படையின் உளவாளி ஆகிறான், விரலில் துப்பாக்கி முளைக்கிறது. ஜேம்ஸ் பாண்ட் காலம், வேறென்ன செய்வார்கள்? நடுவில் கொஞ்ச நாள் சூப்பர் ஹீரோ உடையைக்கூட மாட்டிவிட்டுப் பார்த்திருக்கிறார்கள். மறைந்து போகிறவனுக்கு எதுக்கு யூனிஃபார்ம்? 'பாதாள நகரம்', 'நாச அலைகள்' எல்லாம் விறுவிறுப்பான புத்தகங்கள்தான், மறுக்கவில்லை. ஆனால் அவற்றில் அந்தக் கை ஒரு கருவிப் பெட்டி. முதல் புத்தகத்தில் அது காயம்.

மறுபதிப்பு கையில் கிடைத்தால் வசனத்தை விட்டுவிட்டு ஒரு தடவை வெறும் படமாகப் புரட்டிப் பாருங்கள். அவன் ஒவ்வொரு தடவை மறையும் முன்பும் பிளாஸ்கோ அந்த முகத்தில் வலியைப் போட்டிருக்கிறார்.