பழைய ஏரில் புதிய செகோயா

2017 மேக்புக் ஏர் விற்பனையை ஆப்பிள் நிறுத்தியது 2019 ஜூலையில். அந்த மாடலுக்கு அதிகாரபூர்வமாகக் கிடைத்த கடைசி ஓஎஸ், 2021 அக்டோபரில் வந்த மான்டெரே. மான்டெரேக்குக் கடைசிப் பாதுகாப்பு அப்டேட் வந்தது 2024 ஜூலையில். விற்பனை நின்ற மாதத்தில் தவணை போட்டுப் புதுப்பெட்டி பிரித்தவருக்கு ஐந்தே வருஷம்தான் கிடைத்தது. வீட்டு மிக்ஸிக்குக்கூட அதைவிட நீண்ட ஆயுள் எதிர்பார்க்கிறோம்.

மதுரையில் இந்த ஏர் இன்னும் பலர் கையில் இருக்கிறது. பண்டிகைத் தள்ளுபடியில் வாங்கிய முதல் மேக் பலருக்கும் இதுதான். செல்லூர் அறுபதடி ரோட்டுப் பக்கம் கல்யாண ஆல்பம் டிசைன் செய்யும் தம்பி ஒருவரிடமும் அதுதான்: 1.8 கிகாஹெர்ட்ஸ் ஐ5, 8 ஜிபி ராம், 128 ஜிபி எஸ்எஸ்டி. அவர் குறை இது: “அண்ணே, எந்த ஆப்பத் தொட்டாலும் ஓஎஸ்ஸ மாத்துன்னு சொல்லுது. சரின்னு அப்டேட்ல போய்ப் பாத்தா ஒன்னுமே வரல. நான் என்னதாண்ணே செய்றது?” புது எம்4 ஏர் 2025 மார்ச்சில் இந்தியாவுக்கு வந்தபோது ஆரம்ப விலை 99,900 ரூபாய். முகூர்த்த மாதங்களில் மட்டும் கை நிறையக் காசு பார்க்கும் தொழிலில் அது பெரிய தொகை.

ஆகவே ஓப்பன்கோர் லெகசி பேட்சரைப் போட்டு, அந்தப் பெட்டியில் மேக்ஓஎஸ் செகோயாவை ஏற்றிப் பார்த்தோம். பக்கத்திலேயே 2012 மாடல் மேக்புக் ப்ரோ ஒன்றிலும் அதையே செய்தேன். இரண்டுக்கும் கிடைத்த மார்க் ஒன்றல்ல.

முதலில் இந்தக் கருவி என்ன செய்கிறது என்று தெரிந்துகொள்வது நல்லது. பின்னால் வரும் தொல்லைகளுக்கெல்லாம் காரணம் அதில்தான் இருக்கிறது. ஓப்பன்கோர் என்பது ஹேக்கிண்டாஷ்காரர்களுக்காக அசிடாந்தெரா குழு எழுதிய பூட்லோடர். சாதாரண பிசியில் மேக்ஓஎஸ் ஓட்டப் பிறந்தது. அதை எடுத்து, ஆப்பிளே கைவிட்ட ஆப்பிள் கணினிகளுக்குப் பொருத்தியவர்கள் டோர்டானியா குழுவினர். இலவசம், மூலநிரலும் திறந்தே இருக்கிறது. அதற்கு முன் டோஸ்டியூட்1 என்ற பெயரில் ஒருவர் சியராவிலிருந்து கேட்டலினா வரை பேட்சர்கள் கொடுத்துவந்தார். அவை மேக்ஓஎஸ் இன்ஸ்டாலரையே வெட்டி ஒட்டின. ஓப்பன்கோர் அப்படிச் செய்வதில்லை. மேக் விழிக்கும்போது இஎஃப்ஐ பகுதியிலிருந்து முதலில் இது எழுந்து, மெய்நிகர் கணினி ஒன்றில் ஓடுவதாக மேக்ஓஎஸ்ஸை நம்பவைக்கிறது. மெய்நிகர் கணினிக்கு மாடல் தடை கிடையாது. அதனால்தான் ஆப்பிளின் சர்வரும் வழக்கம்போல அப்டேட்டை நீட்டுகிறது.

இது முதல் பாதிதான். கதவைத் திறந்து உள்ளே போனால் வீட்டில் சாமான் இல்லை. இந்த ஏரின் எச்டி 6000 கிராஃபிக்ஸுக்கான டிரைவரை மான்டெரேக்கு அடுத்து வந்த வென்ச்சுராவிலேயே ஆப்பிள் தூக்கிவிட்டது. அதன் பிராட்காம் வைஃபை சிப்புக்கான டிரைவரை அதற்கடுத்த சோனோமாவில் தூக்கியது. பழைய ஓஎஸ்ஸிலிருந்த அந்த டிரைவர்களைப் புதிய ஓஎஸ்ஸுக்குள் திரும்பக் கொண்டுவந்து வைப்பதற்குத்தான் ‘ரூட் பேட்ச்’. பிக் சர் காலத்திலிருந்து சிஸ்டம் பகுதி முழுக்கக் கையெழுத்திட்டு முத்திரை வைக்கப்பட்டிருக்கிறது. ரூட் பேட்ச் போட அந்த முத்திரையை உடைக்க வேண்டும்; எஸ்ஐபி என்ற பாதுகாப்பு வேலியையும் ஓரளவு தாழ்த்த வேண்டும்.

இன்ஸ்டால் செய்வது பயந்த அளவுக்குக் கஷ்டமில்லை. 32 ஜிபி பென் டிரைவ் ஒன்று. பேட்சரைத் திறந்தால் அதுவே செகோயாவை ஆப்பிள் சர்வரிலிருந்து இறக்கிப் பென் டிரைவில் எழுதிக்கொடுக்கிறது. பிறகு அதே டிரைவில் ஓப்பன்கோரையும் ஏற்றி, ஆப்ஷன் கீயை அழுத்திக்கொண்டே ஆன் செய்தால் ‘இஎஃப்ஐ பூட்’ என்று ஒரு படம் வரும். முதலில் அதைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். நேராக இன்ஸ்டாலரைத் தொட்டால் தடைக்குறிதான் காட்டும். எல்லாம் முடிந்ததும் ஓப்பன்கோரை உள்டிஸ்கிலும் எழுதிவிட வேண்டும். இல்லையென்றால் ஒவ்வொரு முறை ஆன் செய்யவும் பென் டிரைவைத் தேட வேண்டியதுதான்.

நாங்கள் ஆடி மாதத்தில் இதை வைத்துக்கொண்டோம். கல்யாணம் இல்லாத மாதம், பெட்டி படுத்துவிட்டாலும் யாருடைய ஆல்பமும் நிற்காது. இன்னொன்றும் பார்த்துக்கொள்ளுங்கள்: உங்கள் பகுதியில் மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை என்றைக்கு? பழைய மேக்குகளில் பாட்டரி பெயருக்குத்தான் இருக்கும். நடு இன்ஸ்டாலில் கரன்ட் போனால் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். ஐமேக் என்றால் யுபிஎஸ் இல்லாமல் தொடவே தொடாதீர்கள்.

முதல் தடவை டெஸ்க்டாப் வந்தபோது தம்பி முகம் சுருங்கியது. டாக் நகர்வதற்குள் டீ குடித்துவிடலாம். வைஃபை அடையாளமே இல்லை. ரூட் பேட்ச் போடும்வரை எல்லாருக்கும் இப்படித்தான் இருக்கும், பதற வேண்டாம். பேட்ச் போட்டு ரீஸ்டார்ட் செய்ததும் படம் சட்டென்று சீராகிறது, வைஃபையும் ஏர்டிராப்பும் வந்துவிடுகின்றன. அடுத்த ஓரிரு நாள் ஸ்பாட்லைட் உட்கார்ந்து அட்டவணை போட்டுக்கொண்டே இருக்கும். ஃபேன் இரையும், கீபோர்டுக்கு மேல்பக்கம் சுடும். மதுரை வெயிலில் மொட்டை மாடிக்குக் கீழே உள்ள அறை என்றால் இன்னும் கொஞ்சம் கூடுதலாகவே. அதை வைத்துத் தீர்ப்புச் சொல்லிவிடக் கூடாது.

அதன் பிறகு? நேர்மையாகச் சொன்னால், நன்றாகவே ஓடுகிறது. பிரவுசரில் டேப்கள், மெயில், வாட்ஸ்அப், யூடியூப் எல்லாம் மான்டெரேயில் ஓடிய வேகத்துக்கு ஒரு மாற்றுக் குறைவு, அவ்வளவுதான். அணுகல்தன்மை அமைப்பில் போய் ஒளிபுகு விளைவைக் குறைத்துவிட்டால் எச்டி 6000 மூச்சு விடுகிறது. இதை முதல் நாளே செய்துவிடுங்கள். சாளரங்களைத் திரையின் ஓரத்துக்கு இழுத்தால் தானாகப் பாதிப் பாதியாக ஒட்டிக்கொள்ளும் வசதியும், தனி பாஸ்வேர்ட்ஸ் செயலியும் செகோயாவில் புதிது. இரண்டும் இதில் வேலை செய்கின்றன. தமிழ் விஷயத்தில் எதுவும் குறையவில்லை. அஞ்சல், தமிழ்99 விசைப்பலகைகள் வழக்கமான இடத்தில் இருக்கின்றன. மலேசியாவின் முத்து நெடுமாறன் வடிவமைத்த ‘எம்என்’ என்று முடியும் எழுத்துருக்களும் அப்படியே.

வராதவை: ஐஃபோன் திரையை மேக்கில் காட்டும் மிரரிங்குக்கு டி2 சிப்போ ஆப்பிள் சிலிக்கனோ வேண்டும், இதில் இரண்டும் இல்லை. ஆப்பிள் இன்டெலிஜென்ஸ் எம்1-க்குக் கீழே எட்டிப் பார்க்காது. தம்பிக்கு இரண்டைப் பற்றியும் கவலையில்லை. அவர் வைத்திருப்பது ஆண்ட்ராய்டு போன்.

அவர் கவலைப்பட்டது போட்டோஷாப்பைப் பற்றி. இங்கே கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும், ஏனென்றால் ஆல்பம் டிசைன், ஃபிளெக்ஸ் கடைகளில் இன்னும் 2012-இல் வந்த சிஎஸ்6-ஐ வைத்தே பிழைப்பவர்கள் இருக்கிறார்கள். சிஎஸ்6-இன் நிறுவியும் உரிமச் சரிபார்ப்பும் 32-பிட். 2019-இல் வந்த கேட்டலினாவோடு மேக்கில் 32-பிட்டுக்கு வழி அடைபட்டுவிட்டது. எந்த பேட்சராலும் அதைத் திறக்க முடியாது. ஹை சியராவிலோ மொஹாவியிலோ சிஎஸ்6 வைத்துக்கொண்டு நிம்மதியாக இருப்பவர் ஆசைப்பட்டுச் செகோயாவுக்கு வந்தால் தொழில் கருவியை இழப்பார். அவருக்கு என் யோசனை: அந்தப் பெட்டியை அப்படியே விட்டுவிட்டு, வங்கி வேலையை வேறு கருவியில் பாருங்கள்.

வீடியோக்காரர்களுக்கும் ஒரு எச்சரிக்கை. ஓஎஸ் புதிதாவதால் சிப் புதிதாகாது. இந்த பிராட்வெல் சிப்பில் எச்.265-ஐ முழுக்க வன்பொருளிலேயே விரிக்கும் வசதி கிடையாது. இப்போதைய கேமராக்கள் தரும் 4கே 10-பிட் கோப்பை டைம்லைனில் போட்டால் மூச்சுத் திணறுகிறது. பிராக்ஸி போட்டு வேலை செய்யலாம், பொறுமை இருந்தால். திரையும் 1440க்கு 900 தான், சாய்ந்து பார்த்தால் நிறம் மாறும். பட்டுப்புடவையின் அரக்கையும் மாம்பழ மஞ்சளையும் இதை நம்பித் திருத்தாதீர்கள்.

செயலி எழுதும் மாணவர்களுக்கு இதில் நல்ல பயன் உண்டு. ஆப் ஸ்டோருக்கு அனுப்பும் செயலிகளை எக்ஸ்கோடு 16-இலோ அதற்குப் பிந்தையதிலோ கட்ட வேண்டும் என்று 2025 ஏப்ரலில் ஆப்பிள் விதி போட்டது. எக்ஸ்கோடு 16-க்குக் குறைந்தது சோனோமா 14.5 வேண்டும். மான்டெரேயில் மாட்டிக்கொண்ட பெட்டியில் படிக்கலாம், வெளியிட முடியாது. செகோயா ஏறிய ஏரில் எக்ஸ்கோடு திறக்கிறது. ஆனால் 128 ஜிபி பத்தாது. சிமுலேட்டரே பெரும் இடத்தை விழுங்கும். இந்த மாடலில் ராம் போர்டோடு ஒட்டியது, மாற்ற முடியாது. எஸ்எஸ்டியை மாற்றலாம்: சின்ன அடாப்டர் ஒன்றை வைத்துச் சாதாரண என்விஎம்இ எஸ்எஸ்டியைப் பொருத்திக்கொள்ளலாம். 512 ஜிபி போட்டுவிட்டு இந்த வேலையில் இறங்குவதே சரி.

ஏனென்றால் அப்டேட் வரும்போது இடம் தேவை. முத்திரை உடைந்த சிஸ்டத்துக்கு ஆப்பிள் சின்ன அப்டேட் தராது. ஒவ்வொரு முறையும் முழு ஓஎஸ்ஸையே இறக்கச் சொல்லும், பத்து ஜிபிக்கு மேல் போகும். அப்டேட் முடிந்ததும் ரூட் பேட்ச் அழிந்துபோகும். மறுபடி பேட்ச், மறுபடி ரீஸ்டார்ட். இந்தக் கருவியில் எனக்குப் பிடிக்காத ஒரே இடம் இதுதான். முதல் நாள் இன்ஸ்டால் ஒரு விளையாட்டு மாதிரி இருக்கும். அதற்குப் பின் ஒவ்வொரு அப்டேட்டுக்கும் உங்கள் மேக்குக்கு நீங்களே சர்வீஸ் இன்ஜினியர். தானியங்கி அப்டேட்டை அணைத்துவிடுங்கள். புது அப்டேட்டுக்குப் பேட்சர் தயாரா என்று பார்த்துவிட்டு, ஒரு வாரம் கழித்துப் போடுங்கள்.

இனி 2012 மேக்புக் ப்ரோ. ராம், டிஸ்க் இரண்டையும் ஸ்க்ரூடிரைவரால் மாற்றலாம் என்பதால் சர்வீஸ் கடைக்காரர்களின் செல்லப்பிள்ளை. அதிகாரபூர்வ எல்லை கேட்டலினா. இதிலும் செகோயா ஏறியது, ஆனால் ஏறிய விதம் வேறு. இதன் ஐவி பிரிட்ஜ் சிப்பில் ஏவிஎக்ஸ்2 கட்டளைகள் கிடையாது. வென்ச்சுராவிலிருந்து மேக்ஓஎஸ் அவற்றை எதிர்பார்க்கிறது. ஆப்பிள் சிலிக்கனில் ரோசெட்டாவுக்காக ஆப்பிளே தயாரித்து வைத்திருக்கும் ஏவிஎக்ஸ்2 இல்லாத கோப்புகளை எடுத்து இதில் ஓட்டுகிறது பேட்சர். அந்த யோசனைக்கே ஒரு கைதட்டல் தரலாம். ஆனால் செயலியே ஏவிஎக்ஸ்2 கேட்டால் திறந்தவுடன் மூடிக்கொள்ளும். ரூட் பேட்ச் போடும்போது கூடுதல் கோப்புகளை இணையத்திலிருந்து இறக்க வேண்டும், வைஃபையோ அப்போது இருக்காது. ஈதர்நெட் கேபிள் ஒன்றைக் கையில் வைத்துக்கொள்வது நல்லது. பெரும்பாலான ஆண்ட்ராய்டு போன்களின் யுஎஸ்பி டெதரிங்கை மேக் கண்டுகொள்ளாது. இத்தனைக்கும் பிறகு கிடைப்பது, சாளரம் திறக்கும்போதெல்லாம் யோசிக்கும் ஒரு பெட்டி. அதில் நான் லினக்ஸ் மின்ட் போட்டுவிட்டேன். வைஃபை டிரைவரை மட்டும் தனியாகப் போட வேண்டியிருந்தது, அதன்பின் நிம்மதி.

பாதுகாப்பு பற்றிக் கேட்பீர்கள். வேலியைத் தாழ்த்திய செகோயாவா, வேலி உயரமாக இருந்தும் 2024-க்குப் பின் ஓட்டை அடைக்கப்படாத மான்டெரேயா என்றால், கவனமாக இருப்பவருக்கு நான் செகோயாவைத்தான் சொல்வேன். கண்ட ஆப்களையும் கிராக் மென்பொருளையும் இறக்குபவருக்கு இரண்டுமே ஆகாது. பேட்சரையும் டோர்டானியாவின் கிட்ஹப் பக்கத்திலிருந்து மட்டும் இறக்குங்கள். இதற்கு யாராவது காசு கேட்டால் அது வேறு ஏதோ. பேக்கப் எடுத்த டிஸ்க்கைப் பெட்டியோடு அதே அறையில் தரையில் வைக்காதீர்கள். 2024 அக்டோபர் மழையில் பந்தல்குடி வாய்க்கால் பொங்கித் தெருவுக்குள் வந்தது செல்லூர்க்காரர்களுக்கு மறந்திருக்காது.

கையில் ஏற்கெனவே 2015 முதல் 2017 வரையிலான மேக், எஸ்எஸ்டி, 8 ஜிபி ராம் இருந்தால் தயங்காமல் செய்யலாம். ஐந்துக்கு நான்கு கொடுப்பேன். 2012 பெட்டிக்கு இரண்டுதான். இதை நம்பிப் பழைய இன்டெல் மேக் ஒன்றை இனிமேல் காசு கொடுத்து வாங்காதீர்கள். 2025 செப்டம்பரில் வந்த தாஹோதான் இன்டெல்லுக்குக் கடைசி மேக்ஓஎஸ் என்று ஆப்பிள் அறிவித்துவிட்டது. வழக்கமான கணக்குப்படி செகோயாவுக்கு 2027 வரை பாதுகாப்பு அப்டேட் வரும். அதுவரை அந்த ஏரில் ஆல்பம் போடலாம்; அடுத்த பெட்டிக்கான சீட்டை இப்போதே கட்ட ஆரம்பித்துவிடுங்கள்.