நொறுங்கும் மேலோடு

பிலடெல்பியாவின் தெற்கு ஒன்பதாம் தெருவில், இத்தாலியக் குடியேறிகள் வளர்த்த சந்தையை ஒட்டி, 1918 முதல் நடக்கிறது சார்கோன்ஸ் பேக்கரி. எள் தூவிய அதன் நீள ரொட்டிக்குக் காலையிலேயே போய்விடுவது நல்லது. இவ்வகை ரொட்டிக்கு அடிப்படை கோதுமை மாவு, தண்ணீர், ஈஸ்ட், உப்பு. மிச்சமெல்லாம் பொறுமையும் அடுப்புச் சூடும்தான். மாவு நிதானமாகப் புளித்தால் மணம் ஏறும். வேகத் தொடங்கும்போது நீராவி இருந்தால் மேல்தோல் சீக்கிரம் இறுகாது. ரொட்டி நன்றாக எழும்பி, பிறகு மெல்லிய மொறுமொறு ஓடு கட்டும்.

நல்ல ரொட்டியை அழுத்தினால் ஓடு நொறுங்கும் சத்தம் கேட்கும்; உள்ளே மெத்தென்றிருக்கும். எண்ணெயும் வினிகரும் தக்காளிச் சாறும் ஊறியும் இந்த நீள ரொட்டியில் செய்யும் ‘ஹோகி’ சாண்ட்விச் சொதசொதத்துப் போகாமல் தாங்குவது இந்த ஓட்டால்தான். பிளாஸ்டிக் பையில் அது தளர்ந்துவிடும். காகிதப் பையில் வாங்கி, அன்றைக்கே சாப்பிட வேண்டும்.